இலண்டனில் ஒரு போர் நூதனசாலை



வென்றவன் தோற்றவனுடைய படைக்கலங்களைக் கொண்டுவந்து ஊரார் காண நிறுத்திவைப்பது மிகப் பழைய வழக்கம். இலண்டன் கோபுரக் கோட்டையில் அரசர்களின் கவசங்களை வரிசையாக வைத்துக் காட்டினார்கள். பாரிஸ் நகரில் நெப்போலியனுடைய கல்லறை அமைந்த மாளிகைத் தொகுதியிலேயே பிரெஞ்சுப் படையின் நூதனசாலையும் இருக்கிறது. காண்பவர் வியக்கவேண்டும் என்பதே இத்தகைய இடங்களின் முதல் நோக்கமாயிருந்தது. ஆனால், போர் இன்னும் முடியாதிருக்கும்போதே, வருவது வெற்றியோ தோல்வியோ என்று ஒருவருக்கும் தெரியாதிருக்கும்போதே, அந்தப் போருக்கென்று ஒரு நூதனசாலை அமைக்கத் துணிவது வேறு வகையான செயல். 1917 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5 ஆம் திகதி பிரித்தானியப் போர் அமைச்சரவை அப்படியொரு யோசனையை ஏற்றுக்கொண்டது. அதன் பயனாகத் தோன்றியதே இம்பீரியல் வார் மியூசியம். நம் மொழியில் அதனைப் பேரரசுப் போர் நூதனசாலை என்று கூறலாம். பேரரசு போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

அந்த ஆண்டின் நிலைமையை நினைத்துப் பார்த்தாலன்றி இத்தீர்மானத்தின் பொருள் நன்கு விளங்காது. முந்திய ஆண்டு, 1916 யூலை முதலாந் திகதி, பிரான்சு தேசத்துச் சொம் ஆற்றுப் பிரதேசத்தில் தொடங்கிய பெரும்போரில், அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையினர் 19,240 பேர் மாண்டனர். தெருவுக்குத் தெரு துயரச்செய்தி வந்துகொண்டிருந்த காலம் அது. இந்த உழைப்பும் இழப்பும் யாருக்காக, யாரால் என்று மக்கள் கேட்கத் தொடங்கியிருந்தனர். அரசாங்கக் கட்டட வேலைகளுக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் சேர் அல்பிரெட் மொண்ட் என்பவரே நூதனசாலை யோசனையை முன்வைத்தவர். 1920 யூன் 9 ஆம் திகதி ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அதனைத் திறந்துவைத்தபோது, இது படையின் புகழுக்கு எடுத்த நினைவுச்சின்னம் அன்று, உழைப்புக்கும் தியாகத்துக்கும் உரிய பதிவேடு என்ற கருத்துப்பட அவர் பேசினார். எவ்வளவு எளிய பங்கை ஆற்றியவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், படைவீரராயினும் குடிமக்களாயினும், தாம் செய்ததற்கு ஒரு சான்றை இங்கே காணவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

எண்ணம் பெரிது. அதனைச் செயலாக்கிய முறையும் கவனிக்கத்தக்கது. பெண்களின் உழைப்புக்குரிய பொருள்களைத் திரட்டுவதற்கென்றே 1917 இல் ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலைசெய்து தோலெல்லாம் மஞ்சள் நிறமாகிப்போன பெண்கள் அக்காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களின் வேலையும் பதிவு பெறவேண்டும் என்று அந்தக் குழு பாடுபட்டது. இறந்த வீரர்களின் புகைப்படங்களைக் குடும்பத்தாரிடமே கேட்டுப் பெற்றார்கள். அவ்வாறு வந்த படங்கள் ஆயிரக்கணக்கானவை. ஒரு தாய் தன் மேசைமேலிருந்த மகனின் படத்தை எடுத்து உறையிலிட்டு அனுப்பியதால் உண்டான சேமிப்பு அது. பீரங்கியை அரசாங்கம் கொடுத்துவிடும். படத்தைத் தாய்தான் கொடுக்கவேண்டும்.

நூதனசாலை முதலில் இருந்த இடம் கண்ணாடி மாளிகை. பின்னர் 1924 இல் தென் கென்சிங்ரனுக்குப் போயிற்று. 1936 இல் லம்பெத் என்னும் பகுதிக்கு வந்து அங்கேயே நிலைத்தது. அந்த லம்பெத் கட்டடத்தின் வரலாற்றை நான் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். தூண்களும் கவிமாடமுமாக ஓர் அரண்மனைபோல் தோன்றும் அது, 1815 முதல் 1930 வரை மனநோயாளருக்கான மருத்துவமனையாயிருந்தது. பெத்லெம் மருத்துவமனை என்பது பெயர். அந்த நிறுவனம் 1247 இல் தோன்றியது. ஆங்கிலத்திலே பெருங்கூச்சலையும் குழப்பத்தையும் குறிக்க வழங்கும் 'பெட்லம்' என்ற சொல் அந்த மருத்துவமனைப் பெயரின் திரிபேயாகும். மருத்துவமனை வேறிடம் சென்றபின், இரு பக்கச் சிறகுகளையும் இடித்துப் பூங்கா ஆக்கினார்கள். நடுப்பகுதியைப் போர் நூதனசாலைக்குக் கொடுத்தார்கள். சித்தம் கலங்கியவர்கள் வாழ்ந்த இடத்தில் போரை வைத்தது பொருத்தமே என்று பலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அந்த வேடிக்கையில் மனம் செல்லவில்லை. 1942 ஏப்பிரல் 5 ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய யப்பானிய விமானங்களின் குண்டுகள் அங்கொடை மனநோய் மருத்துவமனைமீதும் விழுந்தன. போர் ஒன்று நடக்கிறது என்பதைக்கூட அறியாதிருந்த நோயாளர் சிலரும் அன்று மாண்டிருக்கலாம். சித்தம் கலங்கியவர்கள் போர் தொடுப்பதில்லை. தெளிந்த சித்தத்தோடு வரைபடம் விரித்துக் கணக்குப் பார்த்தே போர் தொடுக்கிறார்கள்.

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நாங்கள் குடும்பத்துடன் இந்நூதனசாலைக்குச் சென்றோம். என் தங்கை இலண்டனில் குடியிருக்கிறாள். என் தாயாரும் சில ஆண்டுகளாக அவளுடனே வசிக்கிறார். அவருக்கு அப்போது வயது 82. தங்கையின் புதல்வர் இருவரில் மூத்தவனுக்கு 15, இளையவனுக்கு 9. என் மகளுக்கு 16. இவ்வாறு மூன்று தலைமுறையினர் ஒன்றாகப் போனதனால்தான், தனியே போயிருந்தால் என் கண்ணில் படாதன பலவும் பட்டன என்பேன்.

வாயிலில் முதலில் எதிர்ப்படுவன இரண்டு பெரும் பீரங்கிகள். குழலின் வாய் 15 அங்குல அகலம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 தொன் நிறை. ஏறக்குறைய 1,900 இறாத்தல் நிறையுள்ள குண்டை 15 மைலுக்கு அப்பால் எறியவல்லன. 1968 முதல் அங்கே நிற்கின்றன. இளையவன் அவற்றின் கீழ் ஓடி நின்று படம் பிடிக்கச் சொன்னான். மூத்தவன் விளக்கப்பலகையைப் படித்தான். ஒரு குழல் ரமிலீஸ் என்னும் போர்க்கப்பலிலும், மற்றது ரெசொலூசன் என்னும் போர்க்கப்பலிலும் பூட்டப்பட்டிருந்தவை. இப்பெயர்களைக் கேட்டவுடன் நான் பிள்ளைகளை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். ஏனெனில், இந்த இரு கப்பல்களும் 1942 ஏப்பிரலில் நம் கடலுக்கு வந்தவை.

அவ்வரலாறு இளந்தலைமுறையினர் பலருக்குத் தெரியாது. சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் வீழ்ந்தபின், இந்து சமுத்திரத்தைக் காக்க அட்மிரல் சோமர்வில் தலைமையில் ஒரு கப்பற்படை இலங்கையைச் சார்ந்து நின்றது. ரமிலீசும் ரெசொலூசனும் அதிலே இருந்தன. எதிரே வந்த யப்பானியப் படையில் விமானந்தாங்கிக் கப்பல்கள் மாத்திரம் ஐந்து. ஏப்பிரல் 5 இல் கொழும்பும், 9 இல் திருகோணமலையும் தாக்கப்பட்டன. 9 ஆம் திகதியே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மெஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதில் இருந்தோரில் 307 பேர் இறந்தனர். உயிர்தப்பியவர்களில் ஏறக்குறைய 600 பேரை வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது. வயது முதிர்ந்த ரமிலீஸ் வகைக் கப்பல்களோ யப்பானியருடன் மோதவே இல்லை. விமானங்களை எதிர்த்து அவற்றால் நிற்க முடியாது என்று கண்டு ஆபிரிக்கக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். பதினைந்து மைலுக்கு அப்பால் எறியும் பீரங்கி, நூறு மைலுக்கு அப்பாலிருந்து வரும் விமானத்தை என்ன செய்யும்?

மூத்தவன் பலகையை மறுபடியும் பார்த்துவிட்டு, "மாமா, இந்தக் குழல்கள் அப்போது அந்தக் கப்பல்களில் இல்லையே" என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. போர்க்கப்பலின் பீரங்கிக் குழல் தேய்ந்தால் கழற்றிப் புதியது மாட்டுவது வழக்கம். ரெசொலூசனின் குழல் 1938 இலேயே கழற்றப்பட்டுப் பின்பு ரொபேட்ஸ் என்னும் வேறொரு கப்பலில் ஏறி, 1944 இல் நோர்மண்டிக் கரையைச் சுட்டது. ரமிலீசின் குழலும் 1942 க்கு முன்பே இறக்கப்பட்டுவிட்டது. கப்பல் வந்தது, குழல் வரவில்லை. வரலாறு கற்பிப்பவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஒரு பொருளின் முன் நின்று, இது எங்கே இருந்தது, எப்போது இருந்தது, யாரிடம் இருந்தது என்று மூன்று கேள்விகளையும் கேட்டுத் தெளிந்தபின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதை அன்று அவனே கண்டுகொண்டான்.

சக்கர நாற்காலியில் இருந்த என் தாயார் இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தந்தையார் திருகோணமலைக் கப்பற்றுறையில் எழுதுவினைஞராயிருந்தவர். குண்டு விழுந்தபோது தாயார் மூன்று மாதக் குழந்தை. பாட்டியார் அவரைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கோப்பாய்க்கு வந்து சேர்ந்த கதையை எங்கள் வீட்டில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். "முதல் இடப்பெயர்வு அதுதான், எனக்கு ஞாபகமில்லை. மிச்சமெல்லாம் ஞாபகம்" என்றார்.

உள்ளே பெரிய மண்டபம். மேலிருந்து ஸ்பிற்பயர் விமானம் தொங்குகிறது. பக்கத்திலே ஜேர்மானியரின் வீ-2 ரொக்கெற்று, ஏறக்குறைய 46 அடி உயரம், நிமிர்ந்து நிற்கிறது. பிள்ளைகள் வாய்பிளந்து நிற்கும் இடம் இது. அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. இரும்பு பெரிதாயிருந்தால் யாரும் பார்க்கவே செய்வர். ஆனால் பார்த்தபின் என்ன கேட்பது என்பதிலேதான் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வேலை இருக்கிறது. இது எத்தனை மைல் வேகம் என்று பிள்ளை கேட்கும். அதற்கு விடை சொல்லிவிட்டு, இதைச் செய்தவர் யார், இது போய் விழுந்த இடத்தில் இருந்தவர் யார் என்று நாம் திருப்பிக் கேட்கவேண்டும். வீ-2 ஒலியைக் காட்டிலும் வேகமாய் வந்தது. ஆகையால் விழுந்து வெடித்த பின்னரே அது வரும் ஓசை கேட்டது. 1944 செப்ரெம்பர் 8 முதல் இலண்டன் மக்கள் அதன் கீழ் வாழ்ந்தார்கள். அதைச் செய்தவர்களோ, ஜேர்மனியின் டோரா முகாமில் மலைக்குள் குடைந்த சுரங்கங்களில் அடைக்கப்பட்டிருந்த கைதிகள். அந்த முகாமில் இருந்த ஏறக்குறைய 60,000 பேரில் 20,000 பேர் அளவில் இறந்தார்கள். அந்த ரொக்கெற்று விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்து செத்தவர்கள் கூட என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

இந்தச் செய்தியை நூதனசாலையார் சொற்களால் மட்டும் கூறவில்லை. இரண்டாம் உலகப் போருக்குரிய கூடங்களையும், யூத இனப் படுகொலைக்குரிய கூடங்களையும் 2021 இல் புதிதாக அமைத்தபோது, வீ-1 என்னும் பறக்கும் குண்டு ஒன்றை இரண்டுக்கும் நடுவே தொங்கவிட்டார்கள். ஒரு பக்கத்துக் கூடத்தில் அது இலண்டன்மேல் விழுந்த ஆயுதம். மறுபக்கத்துக் கூடத்தில் அது அடிமைகளின் கையால் செய்த பண்டம். பொருள் ஒன்றே. இனப் படுகொலைக் கூடங்கள் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றவையல்ல என்று அறிவித்தல் இருந்தது. தங்கை இளையவனை அழைத்துக்கொண்டு கீழே ஸ்பிற்பயரைப் பார்க்கப் போய்விட்டாள். பிள்ளைக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடவேண்டும் என்று எண்ணும் பெற்றோர் நம்மிலும் பலர் உள்ளனர். அது பிழை. மற்ற இருவரும் அக்கூடங்களை விட்டு வெளியே வரும்போது பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

முதலாம் உலகப் போருக்குரிய பகுதியிலே, போர்க்கள அகழி ஒன்றைப்போல் அமைத்து, அதனூடாகப் பார்வையாளர் நடந்து செல்ல விட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் உயர்ந்த சுவர், மேலே பழைய விமானம் ஒன்று, எட்டிப் பார்க்கும் தாங்கி ஒன்று, சுற்றிலும் குண்டோசை. பிள்ளைகள் இரண்டுமுறை போய்வந்தார்கள். தாயாருடைய நாற்காலியை உள்ளே தள்ள முற்பட்டபோது அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். இந்நூதனசாலைக்கு அனுமதிக் கட்டணம் இல்லை. "சும்மா கிடைத்தாலும் இந்தச் சத்தம் எனக்கு வேண்டாம், தம்பி" என்றார். அங்கே செல்பவர்களில் பெரும்பாலோர் போரின் ஓசையை அறியாதவர்கள். அவர்களுக்கு அது அறிவூட்டுவது. அறிந்தவர்களுக்கு அது வேறு. இந்த வேறுபாட்டை அமைத்தவர்கள் எண்ணிப்பார்த்தார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

தாயார் நீண்ட நேரம் பேசியது ஆண்டர்சன் புகலிடத்தைப் பற்றி. 1939 பெப்ரவரி முதல் பிரித்தானிய அரசாங்கம் வீடுகளுக்கு வழங்கிய பதுங்குமிடம் அது. நெளிவுள்ள உருக்குத் தகடுகளை வளைத்து ஆணி பூட்டி, நான்கடி ஆழக் கிடங்கில் இறக்கி, மேலே பதினைந்து அங்குலத்துக்கு மண் போடவேண்டும். ஆறுபேர் இருக்கலாம். ஆண்டு வருமானம் 250 பவுணுக்குக் குறைந்த குடும்பத்துக்கு இலவசம். மற்றவர்களுக்கு 7 பவுண். மழைக்காலத்தில் உள்ளே நீர் தேங்கும் என்பதே அனைவரதும் முறைப்பாடு. இதையெல்லாம் பேத்தி வாசித்துச் சொல்லத் தாயார் கேட்டிருந்து, "எங்கள் பங்கருக்குத் தகரம் இல்லை, பனங்குற்றிதான்" என்று தொடங்கினார். பனையைத் தறித்துக் குற்றிகளை அடுக்கி, மேலே மண்மூடை போட்டு, வாயிலை நேரே வைக்காமல் ஒரு மடிப்பு மடித்து வெட்டவேண்டும். அப்போதுதான் சிதறும் துண்டு உள்ளே நேராய் வராது. பாம்புக்குப் பயந்து முதலில் தடியால் தட்டிவிட்டுத்தான் இறங்குவது. நீர் தேங்குவது அங்கும் இங்கும் ஒன்றுதான். இலண்டனிற் பிறந்த பேரர் இருவரும் இதை முன்பு கேட்டதில்லை. அம்மம்மா வாய்திறந்து சொல்ல, ஓர் அந்நிய நாட்டுத் தகடு தேவைப்பட்டது.

ஓவியங்களும் இங்கே உண்டு. ஜோன் சிங்கர் சார்ஜன்ற் 1919 இல் தீட்டிய பெரிய ஓவியம் ஒன்று, இருபதடி நீளம். நச்சுவாயுவால் கண் கெட்ட வீரர்கள், கண்ணைத் துணியால் கட்டி, முன்னே செல்பவன் தோளை ஒவ்வொருவனும் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். தூரத்திலே, அவர்களுடைய கால்களுக்கிடையே தெரிகிறது ஓர் உதைபந்தாட்டம். கண்ணுள்ளவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். என் மகள்தான் அதை முதலிற் கண்டுபிடித்தாள்.

மண்டபத்தில் மற்றொரு பொருளும் இருந்தது. முதலில் பார்ப்பவருக்கு அது துருப்பிடித்து நசுங்கிய இரும்புக் குப்பை. அது ஒரு மோட்டார்க் கார். 2007 மார்ச் 5 ஆம் திகதி, பாக்தாத் நகரில் அல் முத்தனாபி தெருவிலே குண்டு வெடித்து 38 பேர் மாண்டபோது அழிந்த கார். பிரித்தானியக் கலைஞர் ஜெரமி டெலர் என்பவர் அதனை 2009 இல் அமெரிக்க நாடு நெடுகக் கொண்டுசென்று மக்களுக்குக் காட்டிப் பின்னர் இந்நூதனசாலைக்குக் கொடுத்தார். அல் முத்தனாபி என்பவர் பத்தாம் நூற்றாண்டின் அராபியப் புலவர். அவர் பெயர் பூண்ட அந்தத் தெரு, புத்தகக் கடைத் தெரு. யாழ்ப்பாணத்து நூலகம் 1981 யூன் முதலாந் திகதி விடியுமுன் 97,000 நூல்களோடு எரிந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. அந்தக் காரைச் சுற்றி நின்ற வெளிநாட்டார் அதில் இறந்தவர்களை எண்ணினார்கள். நானும் எண்ணினேன். அதனோடு, அந்தத் தெருவில் எரிந்த புத்தகங்கள் எவை எவையாயிருக்கும் என்ற எண்ணமும் எனக்கு வந்தது.

இனி, அங்கே காணாத பொருளைப் பற்றியும் சொல்லவேண்டும். சீயத்துக்கும் பர்மாவுக்குமிடையே யப்பானியர் 1942 இலும் 1943 இலும் அமைத்த புகையிரதப் பாதையைப் பற்றி நேயர்களில் முதியோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 415 கிலோமீற்றர் நீளம். நேசநாட்டுப் போர்க் கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர் அதில் வேலைசெய்து, 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ரொனால்ட் சேர்ல் என்னும் ஓவியர். பென்சிலால் வரைந்த படங்களை வாந்திபேதி நோயாளரின் படுக்கைக்கடியில் ஒளித்துக் காப்பாற்றினார். காவலர் அங்கே நெருங்கமாட்டார்கள். அவை இந்நூதனசாலையின் சேமிப்பில் இன்று உள்ளன. ஆனால் அதே பாதையில் அதைவிடப் பன்மடங்கு தொகையான ஆசியத் தொழிலாளரும் வேலைசெய்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களில் பெருந்தொகையினர். இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 அளவில் இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. அவர்களுள் சேர்லைப்போல் படம் வரைந்து ஒளித்து வைத்தவர் யார்? நாட்குறிப்பு எழுதியவர் யார்? எழுத்தறியாதவனுடைய துயரத்துக்குச் சான்று அவனுடைய எலும்பு ஒன்றே. எலும்பிலே பெயர் எழுதியிருப்பதில்லை. இதற்கு நூதனசாலையாரை மட்டும் குறைகூறுதல் நியாயமாகாது. எவர் எதைப் பாதுகாத்தாரோ அதுவே கண்ணாடிப் பேழைக்குள் வரும். மொண்ட் விரும்பியபடி எல்லாருக்கும் ஒரு சான்று கிடைக்கவில்லை.

கண்ணாடிப் பேழையும் என்றும் பாதுகாப்பானதன்று. 1936 இல் லம்பெத்தில் திறந்த நூதனசாலையை நான்கே ஆண்டுகளில் மூடவேண்டியதாயிற்று. காட்சிக்கு வைத்திருந்த பீரங்கிகள் சில, படைக்கு ஆயுதம் போதாமையால் மீண்டும் சேவைக்குப் போயின. 1941 சனவரி 31 ஆம் திகதி கட்டடத்தின்மேலேயே குண்டு விழுந்தது. முதலாம் போரில் கடற்போர்க் களத்தின்மேல் பறந்து தப்பிவந்த விமானம் ஒன்று, நூதனசாலைக்குள் இருந்தபடியே, இரண்டாம் போரின் வான்தாக்குதலில் சிதைந்தது.

வெளியே வந்து பூங்காவில் அமர்ந்து உணவு உண்டோம். அங்கேயே பேர்லின் மதிற்சுவரின் துண்டொன்றும், 1999 இல் தலாய் லாமா திறந்துவைத்த திபெத்தியச் சமாதானப் பூங்காவும் இருக்கின்றன. பீரங்கிக்கும் சமாதானப் பூங்காவுக்கும் இடையே கூப்பிடு தூரந்தான். அப்போது இளையவன், "அம்மம்மா, உங்கள் யுத்தத்திலிருந்து நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். பெரியவர்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தாயார் தயங்காமல், "விளக்கு" என்றார்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்த விளக்கை விவரிக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. கிடைத்தாலும் விலை எட்டாதது. ஆகவே, ஜாம் போத்தல் ஒன்றின் அடியில் சிறிது பஞ்சு இட்டு, அதில் எண்ணெயை அளந்து நனைத்து, கம்பியில் தாங்கிய மெல்லிய திரியைப் போத்தலுக்குள்ளேயே எரியவிடுவோம். காற்று அணைக்காது; எண்ணெய் நெடுநேரம் நிற்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. பற்றறியும் கிடையாது. வானொலி கேட்க விரும்பினால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தால் வானொலி பேசும். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைக்கும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் அவ்வாறு மிதி சுற்றியவர் பலர் இருப்பீர்கள்.

நாடு திரும்பியபின் கோப்பாய் வீட்டுப் பரணில் தேடினேன். விளக்கு இருந்தது. கம்பி துருப்பிடித்திருந்தது; திரி இல்லை. மகள் ஒரு கடதாசி அட்டை வெட்டி, நூதனசாலையிற் கண்ட முறைப்படி, எங்கே, எப்போது, யாரிடம் என்று எழுத உட்கார்ந்தாள். இடம்: கோப்பாய், 1995 ஒக்ரோபர் 30 இரவு முதல் சாவகச்சேரி, 1996 இல் மீண்டும் கோப்பாய். காலம் 1991 முதல் என்று நான் சொன்னேன். சரிபார்க்கத் தொலைபேசியில் தாயாரைக் கேட்டோம். 1990 என்று அவர் உறுதியாகக் கூறினார். அந்த ஆண்டு மாரியில்தான் எங்கள் வீட்டுப் பசு கன்று போட்டது, அன்றிரவு கொட்டிலுக்கு எடுத்துச் சென்றது இந்த விளக்கைத்தான் என்றார். யாரிடம் இருந்தது என்ற இடத்தில் தம் பெயரை மட்டும் எழுதவேண்டாம், அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவரும் இந்த வெளிச்சத்தில் இருந்து படித்தவர்கள், அவர்கள் பெயரையும் எழுதவேண்டும் என்றார். அட்டை போதவில்லை. மகள் இன்னொன்று வெட்டினாள்.